முப்பத்தொன்று

விசா தாளில் என் தொழில் பயிற்றுநர்.
உண்மையில் நான்
விபத்துகளைத் தயாரிப்பவள்.

சொஹார் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம்
ஏசி மட்டும் சத்தம் போடும் கட்டடம்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் மேசை.
முன்னால் நான்கு பேர், எட்டுத் திரை,
திரைக்குள் ஒரு கோபுரம்.
நாற்பது தட்டு. கலசம் கிடையாது.
அடியில் கொதிப்பான், உச்சியில் குளிர்விப்பான்.
நடுவில் நுழைகிற கலவையில்
பென்சீன் மேலே போகவேண்டும்,
டொலுயீன் கீழே இறங்கவேண்டும்.
அவ்வளவுதான் கதை.

பாலையும் நீரையும் பிரித்த அன்னத்துக்குள்
எத்தனை தட்டுகள் இருந்திருக்கும் என்று
பாடம் தொடங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.
சொல்வதில்லை.
அரபியில் அந்தப் பறவைக்கு
இந்தத் திறமை இல்லை.

இங்கே நேரம் என் சுட்டுவிரலில்.
அறுபது மடங்கு ஓட்டினால்
கரக் தேநீர் ஆறுவதற்குள் ஒரு ஷிஃப்ட் முடியும்.
உறையவைத்தால்
பதினேழாம் தட்டில் எழும்பிய ஆவி
அங்கேயே நிற்கும்.
"நிற்கும்போது அது எங்கே இருக்கிறது?"
என்று கேட்டாள் ஷைக்கா.
அது எண், என்றேன்.
அவள் நம்பவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குக்
குளிர்நீரை நிறுத்தினேன்.
சொல்லாமல்தான். ஆலையும் சொல்லாது.
மாஜித் அலாரத்தை அடக்கினான், மறுபடி அடக்கினான்,
சத்தம் அடங்கினால் அழுத்தமும் அடங்கும் என்பதுபோல.
ஷைக்கா நீராவியைக் குறைத்தாள்.
சரிதான். ஆனால் பதற்றத்தில் அதிகமாய்.
தட்டுகளில் நின்ற திரவமெல்லாம்
மொத்தமாகச் சரிந்து அடியில் விழுந்தது.
நாலு மணி நேரம் பிரித்தது
நாலு நிமிடத்தில் ஒன்றாய்க் கிடந்தது.
யாரும் சாகவில்லை.
ஒரு பொத்தானில் எல்லாம் பழையபடி.

கல்ஃபான் மட்டும் எதையும் தொடவில்லை.
பதினைந்து வருடம் நிஜக் கோபுரத்தை ஓட்டியவர்;
புதுப்பிப்புப் பயிற்சி என்று கம்பெனி அனுப்பியிருந்தது.
கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:
"இது பொய் சொல்கிறது, முஹந்திஸா."

சமன்பாடுகளைக் காட்டினேன்.
ஒவ்வொரு தட்டிலும் எடை, வெப்பம், சமநிலை,
ஆறாவது தசமம்வரை சண்டையில்லை.

"அதைச் சொல்லவில்லை.
ரிஃப்ளக்ஸ் வால்வு. திற என்றதும் திறக்கிறது.
எங்களுடையது முப்பத்தொன்றில் சிக்கும்,
பிறகு முப்பத்தைந்துக்குக் குதிக்கும்.
ஜூலையில், காற்று நனைந்த நாளில், இன்னும் மோசம்.
அதற்கு ஸுலைம் என்று பெயர்.
பழைய சூப்பர்வைசர்.
கூப்பிட்டால் உடனே வரமாட்டார்."

அன்று இரவு
ஃபலஜ் அல் கபாயில் போகும் கடைசி வண்டியை விட்டுவிட்டு
ஸுலைமை எழுதினேன்.
மூன்று வரி நிரல்.

மறுநாள் கல்ஃபான் வால்வைத் திறந்தார். காத்திருந்தார்.
உச்சி வெப்பம் எண்பதைத் தாண்டியது,
தயங்கியது,
வால்வு குதித்ததும் திரும்பியது.
திரையைப் பார்த்துத் தலையசைத்தார்,
கடைத்தெருவில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல.

மதியத்துக்குள் ஷைக்கா ஒரு வழி வைத்திருந்தாள்:
முப்பத்தாறுக்கு ஏற்றிவிட்டு
மேலிருந்து இறக்கினால் சிக்குவதில்லை.
கல்ஃபானுக்கு அது தெரியாது.
எழுதிய எனக்கே தெரியாது.
ஏறும்போது மட்டும் சிக்கும்படி எழுதியிருக்கிறேன்,
தூக்கக் கலக்கம்.
நிஜ வால்வில் செய்துபார்த்தேன் என்று
அடுத்த வாரம் கல்ஃபான் ஃபோன் செய்தார்.
ஸுலைம் கேட்டுக்கொண்டாராம்.

ஜனவரி பராமரிப்பு நிறுத்தத்தில்
வால்வை மாற்றிவிட்டார்கள்.
புதியது சொன்னதும் திறக்கிறது.
அதற்குப் பெயர் வைக்கவில்லை.
அந்த மூன்று வரியை நான் அழிக்கவேண்டும்;
மேலாளரிடமிருந்து இரண்டு மின்னஞ்சல்.

இன்று புதிய அணி. ஆறு பேர்.
ஜன்னலுக்கு அப்பால், துறைமுகப் பக்கம்,
யாருடைய அழுத்தத்தையோ எரிக்கும் சுடர்
பகலில் வெளுத்துத் தெரிகிறது.
மணி பத்தே பதினான்கு.
குளிர்நீர்ப் பொத்தான்மேல் விரல்.
உள்ளே
ஸுலைம் இன்னும் முப்பத்தொன்றில் நிற்கிறார்.